பகல் முழுக்க முடிகிறது, பிறகேன் முடிவதில்லை?

ரமழான் மாதத்து மாலை நேரத்தில் காத்தான்குடிக் கடைத்தெருவில் நின்றால், புகைப்பழக்கத்தைப் பற்றிய ஒரு பெரிய உண்மை கண்ணெதிரே தெரியும். சாதாரண நாளில் மணித்தியாலத்துக்கு ஒரு சிகரெட் பத்தவைக்கிற கடைக்காரர், சஹர் முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு வரை, 13 மணித்தியாலத்துக்கும் கூடுதலாக, ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. முதல் இரண்டு மூன்று நோன்பில் தலையிடியும் சினமும் வரும். அதன் பிறகு காலையிலும் நண்பகலிலும் அவர் வழமைபோலக் கணக்குப் பார்க்கிறார், சாமான் நிறுக்கிறார், வந்தவர்களோடு பேசுகிறார். அஸர் தொழுகை முடிந்து பொழுது சாயத் தொடங்கும்போதுதான் கை சட்டைப்பையைத் தேடுகிறது. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு வெளியே வந்ததும் முதல் சிகரெட் பற்றுகிறது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். கோயில் சடங்குக்கு விரதம் பிடிப்பவர், நேர்த்தி வைத்துக் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர் எனப் பலரும் அந்த நாட்களில் புகையை விலக்கி வைத்துவிடுகிறார்கள். யாரும் அவர்களைக் காவல் காப்பதில்லை. ஆனால் வேறொரு மாதத்தில் அதே மனிதரிடம் "சிகரெட்டை விட்டால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "விட ஏலாது" என்பதுதான் பதில். "எனக்கு மன உறுதி இல்லை" என்று தன்னையே குறைசொல்லிக்கொள்பவர்களும் உண்டு.

மன உறுதி இல்லாதவரால் 13 மணித்தியாலம் விட்டிருக்க முடியாது. நோன்பிலும் விரதத்திலும் அவருக்குக் கிடைப்பது வேறொன்று: முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடுகிறது. இப்போது பத்துவதா, கொஞ்சம் பொறுப்பதா என்ற பேரம் மனதுக்குள் நடப்பதில்லை. புகையை விடுவதற்கு மனதைத் தயார்செய்வது என்றால், இந்தப் பேரத்துக்கு இடமில்லாமல் செய்வதுதான். அதை எப்படிச் செய்வது என்பதை அறிவியல் ஓரளவு தெளிவாகக் கண்டறிந்திருக்கிறது.

விமானத்தில் கிடைத்த விடை

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரூவன் தாரும் அவருடைய சகாக்களும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்குபற்றியவர்கள் புகைக்கும் பழக்கமுள்ள விமானப் பணியாளர்கள். விமானத்தில் புகைக்க முடியாது என்பதால், புகைக்காத நேரத்தின் நீளத்தை ஆய்வாளர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். ஒருமுறை 3 முதல் 5½ மணித்தியாலம் வரையான குறுகிய பயணம், இன்னொருமுறை 8 முதல் 13 மணித்தியாலம் வரையான நீண்ட பயணம். இடையிடையே, புகைக்கும் ஆசை எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் குறித்துக்கொடுத்தார்கள்.

இரத்தத்தில் நிகோட்டின் குறைவதுதான் ஆசைக்கு ஒரே காரணம் என்றால், நேரம் போகப்போக ஆசை சீராக ஏற வேண்டும். நீண்ட பயணத்தின் முடிவில் அது குறுகிய பயணத்தின் முடிவைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். கண்டது அப்படி இல்லை. இரண்டு பயணத்திலும் விமானம் தரையிறங்கும் நேரம் நெருங்கும்போதுதான் ஆசை உச்சத்துக்கு ஏறியது. குறுகிய பயணம் முடிகிற வேளையில் இருந்த ஆசை, நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கழிந்த கட்டத்தில் இருந்த ஆசையைவிட அதிகமாக இருந்தது. உடம்பில் இருந்த நிகோட்டின் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் ஒரு பயணத்தில் இன்னும் சிறிது நேரத்தில் சிகரெட் கிடைக்கப்போகிறது, மற்றப் பயணத்தில் இன்னும் பல மணித்தியாலம் கிடைக்காது.

பங்குபற்றியவர்கள் சிலரே என்பதால் இந்த ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட முடியாது. என்றாலும் காத்தான்குடி மாலைக்கு இது பொருந்திப் போகிறது. "கிடைக்கும்" என்ற எண்ணமே ஆசையைக் கிளப்புகிறது. "இல்லை" என்று மனம் ஏற்றுக்கொண்ட நேரத்தில் அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது.

மூளைக்குள் நடப்பது

இதை வைத்து நிகோட்டினைச் சாதாரணமாக எடுத்துவிடக் கூடாது. புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் அது நுரையீரலில் இருந்து இரத்தத்தின் வழியாக மூளையை அடைகிறது. நாளத்தில் ஊசி ஏற்றினால்கூட இதைவிட வேகமாகப் போய்ச் சேராது. அங்கே, அசற்றைல்கோலின் என்ற இயற்கையான இரசாயனத்துக்காக நரம்புக் கலங்களில் அமைந்திருக்கும் ஏற்பிகளில் நிகோட்டின் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் தூண்டலில் மூளையின் வெகுமதிப் பகுதியில் டோபமின் சுரக்கிறது. டோபமினின் வேலை இன்பம் தருவதோடு முடிவதில்லை. "இப்போது நடந்தது முக்கியமானது, இதற்கு முன்னால் என்ன இருந்ததோ அதை நினைவில் வைத்துக்கொள்" என்று மூளைக்குப் பாடம் சொல்வதும் அதுவே.

அந்தப் பாடத்தில் ஒட்டிக்கொள்பவை புகைக்கு முன்னால் இருந்த எல்லாமும்: தேத்தண்ணியின் வாசம், தீப்பெட்டி உரசும் சத்தம், சோற்றுக்குப் பிறகு வயிறு நிறைந்த உணர்வு, ஒரு குறிப்பிட்ட நண்பனின் முகம். ஒரு நாளைக்கு 15 சிகரெட், ஒவ்வொன்றுக்கும் 10 இழுப்பு என்று வைத்தால், ஒரு வருடத்தில் 54,000 தடவைக்கு மேல் இந்தப் பாடம் திரும்பத் திரும்பப் படிக்கப்படுகிறது. வேறு சில பழக்கங்களுக்கே இவ்வளவு ஒத்திகை நடக்கும்.

இன்னொரு பக்கத்தில், நிகோட்டின் ஓயாமல் வந்துகொண்டிருப்பதால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. நிகோட்டினின் பாதி ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் இரத்தத்தை விட்டு நீங்கிவிடும். அப்போது கூடுதல் ஏற்பிகள் வெறுமையாக நிற்க, எரிச்சலும் பதற்றமும் கவனச்சிதறலும் தலைகாட்டுகின்றன. விட்டவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏற்பிகள் 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்பியிருந்தன. உடம்பு தன் கணக்கைச் சில வாரங்களில் முடித்துவிடுகிறது. மனம் படித்த பாடம்தான் அதற்குப் பிறகும் நிற்கிறது. அதனால் தயாரிப்பும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்த நேரம், எந்த இடம்

இரவில் கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் தோணியில் இருக்கும் மீனவரைப் பாருங்கள். வலையை இறக்கும்வரை அவருக்குப் பீடி நினைவே வருவதில்லை. இரண்டு கையும் வேலையாக இருக்கின்றன. வலை தண்ணீருக்குள் போய், இனிக் காத்திருக்க வேண்டும் என்ற நிமிடம் வருகிறது. ஈரக் கையைச் சாரத்தில் துடைக்கிறார். காதில் செருகியிருந்த பீடியை எடுக்கிறார். காற்றுக்கு மறைவாகக் குனிந்து, உள்ளங்கைக்குள் தீக்குச்சியை ஒளித்துப் பத்தவைக்கிறார். யோசித்துச் செய்த காரியம் இதில் ஒன்றுகூட இல்லை. காத்திருப்பு வந்தது, கை தானாகப் போனது.

படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்கு வாடியில் தங்குபவருக்கு அந்த நிமிடம் நடுச்சாமத்தில் வரும். முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு ஒரு ஓட்டம் முடிந்து தரிப்பிடத்துக்குத் திரும்பியதும் வரும். கந்தோரில் வேலை செய்பவருக்குப் பத்து மணித் தேத்தண்ணியோடு வரும். ஒவ்வொருவருக்கும் அந்த நிமிடங்கள் வேறு. ஆனால் ஒருவருக்கு அவை நாளுக்கு நாள் மாறுவதில்லை. அதுதான் நமக்கு வாய்ப்பு. எங்கே வரும் என்று தெரிந்ததை எதிர்கொள்ளலாம்.

ஆகவே விடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, எழுதுவது. ஒரு கிழமைக்கு, ஒவ்வொரு சிகரெட்டையும் பத்தவைப்பதற்கு முன், ஒரு சின்னக் கொப்பியில் நான்கு விடயத்தைக் குறியுங்கள்: நேரம், இடம், யாரோடு, அப்போது மனம் எப்படி இருந்தது. முன்னால் குறிப்பது முக்கியம், ஏனென்றால் தானாகப் போகும் கையை ஒரு கணம் நிறுத்திவைப்பது அதுதான். கிழமை முடிவில் கொப்பியைப் புரட்டினால், ஒரு நாளின் 15 சிகரெட்டும் நான்கைந்து சந்தர்ப்பங்களுக்குள் அடங்கிவிடுவது தெரியும். சிலவற்றை ருசிக்காமலேயே புகைத்திருப்பதும் தெரியும்.

காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பதையும் தவறாமல் குறியுங்கள். சுவீடனைச் சேர்ந்த காள் ஃபாகர்ஸ்ட்ரம் உருவாக்கிய, நிகோட்டின் சார்பை அளக்கும் வினாத்தொகுப்பில் அதிக எடை பெறும் கேள்விகளில் இதுவும் ஒன்று. எழுந்து 5 நிமிடத்துக்குள் பத்தவைப்பவருக்கு உடலின் பிடி கடுமையானது; அவர் மருத்துவ உதவியோடு விடுவதே நல்லது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் என்றால், உடலைவிடப் பழக்கத்தின் பிடிதான் பெரிது.

அடுத்த வேலை, கண்டுபிடித்த ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் முன்கூட்டியே ஒரு பதில் தீர்மானிப்பது. ஜெர்மானிய உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார். "நான் புகையை விடப்போகிறேன்" என்ற பொதுவான எண்ணத்தைவிட, "இது நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்ற குறிப்பான தீர்மானம் செயலாக மாறும் வாய்ப்பு கூடுதல் என்று அவர் காட்டினார். வலை இறக்கியதும் கை காதடிக்குப் போனால், ஒரு கராம்பை வாயில் போடுவேன். மத்தியானம் சோறு முடிந்ததும், கை கழுவிய உடனே பல் துலக்குவேன். தரிப்பிடத்துக்குத் திரும்பியதும், வண்டியின் கண்ணாடியைத் துடைப்பேன். பதில் சின்னதாக, உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருந்தால் அது தயாரிப்பு ஆகாது.

"மனசு சரியில்ல, அதுதான்"

மட்டக்களப்பில் புகையைப் பற்றிப் பேசும்போது, நடந்தவற்றை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. முப்பது வருட யுத்தம் 2009இல்தான் முடிந்தது. நடுவில், 2004 டிசம்பர் 26இல், கல்லடி முதல் கல்முனை வரையான கரையைச் சுனாமி அழித்தது. இழந்தவர்கள் இல்லாத குடும்பம் இங்கே அரிது. "மனசு சரியில்ல, அதுதான் பத்துறன்" என்று ஒருவர் சொன்னால் அது சாட்டு இல்லை. அவர் உண்மையாகவே அப்படி உணர்கிறார். சிகரெட் மனப்பாரத்தை இறக்குகிறது என்ற நம்பிக்கைதான் பலரை விடவிடாமல் வைத்திருக்கிறது. எனவே அந்த நம்பிக்கையை மரியாதையோடு, ஆனால் நேராகவே சோதித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்தானிய உளவியலாளர் ஆண்டி பரட் 1999இல் முன்வைத்த விளக்கம் இது: கடைசிச் சிகரெட்டுக்குப் பிறகு நேரம் போகப்போக நிகோட்டின் குறைந்து பதற்றம் ஏறுகிறது. அடுத்த சிகரெட் அந்தப் பதற்றத்தை அடக்குகிறது. புகைப்பவருக்குக் கிடைப்பது, புகைக்காதவர் எப்போதும் இருக்கிற சாதாரண நிலை மட்டுமே. சிகரெட் உண்டாக்கிய பதற்றத்தைச் சிகரெட்டே தற்காலிகமாகத் தணித்துவிட்டு, நல்ல பெயரை எடுத்துக்கொள்கிறது. உண்மையான துயரமும் இருப்பதால், எது எந்தக் கணக்கு என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விட்டவர்களின் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றும், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடும்போது குறைந்திருந்தன. ஏற்கெனவே உளநோய் உள்ளவர்களிடமும் இதே போக்குத்தான் தெரிந்தது. முதல் சில வாரம் கடினமாக இருக்கும். அதைக் கடந்தால் மனம் முன்பைவிட இலேசாகும். சிகரெட்டை விட்டால் மனம் உடைந்துபோகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் துயரத்துக்குத் துணை வேண்டும் என்பது உண்மை. அந்தத் துணையைப் புகையில் தேடாமல் மனிதர்களிடம் தேடுவதற்கு மட்டக்களப்பில் வழி இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் உளமருத்துவர் மகேசன் கணேசனின் முயற்சியில் இங்கே சமூகத்தோடு இணைந்த உளநலச் சேவை வளர்ந்தது. போதனா வைத்தியசாலையிலும் மாவட்டத்தின் மற்ற வைத்தியசாலைகளிலும் உளநலக் கிளினிக்குகள் நடக்கின்றன. நித்திரை வராமை, பழைய நினைவுகள், தீராத கவலை இருப்பவர்கள் புகையை விடுவதோடு சேர்த்து இதற்கும் உதவி பெறுவது தயாரிப்பின் ஒரு பகுதிதான். ஒரு கவனம்: உளநோய்க்கான சில மருந்துகளின் அளவு, புகையை நிறுத்தியதும் இரத்தத்தில் கூடும். குளோசபின், ஒலன்சபின் எடுப்பவர்கள் விடுவதற்கு முன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சிகரெட்டையும் மருந்தையும் சேர்த்துத் தாமாக நிறுத்தக் கூடாது.

கூட்டாளிமாரும் வீட்டாரும்

"மச்சான், ஒண்டு பத்துவமா?"

விட நினைப்பவரைத் தோற்கடிக்கும் வாக்கியங்களில் இதற்குத்தான் முதலிடம். சிகரெட்டைப் பெட்டியாக வாங்குபவர்களைவிட ஒன்று இரண்டாக வாங்குபவர்களே இங்கு அதிகம். வாங்குவதும் கொடுப்பதும் பகிர்வதும் நட்பின் ஒரு பகுதியாகிவிட்டது. மறுத்தால் நண்பனை மறுத்ததுபோல ஆகிவிடுமோ என்ற தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்துக்கும் பதிலை முன்பே தயார்செய்து, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். "வேணாம் மச்சான், விட்டுட்டன். தேத்தண்ணி குடிப்பம் வா." இவ்வளவுதான். "விடப் பாக்கிறன்" என்று சொன்னால் நண்பன் இன்னொருமுறை நீட்டுவான். "விட்டுட்டன்" என்றால் பேச்சு அத்தோடு முடியும். முதல் நாளிலிருந்தே அப்படிச் சொல்லலாம், பொய்யில்லை.

கொழும்பில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தியநாத் சமரசிங்க, இந்தப் பக்கத்தை நம் நாட்டில் ஆழமாகச் சிந்தித்தவர். சிகரெட்டும் மதுவும் தருவதாகச் சொல்லப்படும் இன்பத்தில் பெரும்பகுதி நாம் அதன்மேல் ஏற்றிவைத்த அர்த்தம் என்பது அவருடைய கருத்து. ஆண்மை, துணிச்சல், களைப்பு நீக்கம், கவலை மறத்தல் என்று சமூகம் கற்பித்ததை, புகைப்பவர் தன் அனுபவமாக எண்ணிக்கொள்கிறார். 1987இல் தொடங்கப்பட்ட மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையமும் இதே வழியில் கிராமங்களில் வேலை செய்துவருகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். அடுத்த சிகரெட்டைத் தனியாக இருந்து, கைபேசியைப் பார்க்காமல், ஒவ்வொரு இழுப்பையும் கவனித்துப் புகைத்துப் பாருங்கள். வாயில் என்ன ருசி, தொண்டையில் என்ன உணர்வு, முடிந்ததும் உண்மையில் என்ன கிடைத்தது? நேர்மையாகக் கவனித்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அந்தக் கண்டுபிடிப்பு, நூறு எச்சரிக்கைப் படங்களைவிட மனதில் நிற்கும்.

இலங்கையில் 2014-15இல் நடந்த தேசிய ஆய்வு, வயதுவந்த ஆண்களில் ஏறக்குறைய 46 வீதமானோர் ஏதாவதொரு வடிவில் புகையிலையைப் பாவிப்பதாகக் காட்டியது. புகைக்கும் பெண்கள் மிக அரிது. ஆனால் அந்தப் புகை, வீட்டில் இருக்கும் பெண்களின் நெஞ்சிலும் பிள்ளைகளின் நெஞ்சிலும்தான் போய்ச் சேருகிறது. அதனால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயமே. என்றாலும் விடுகிற நாட்களில் ஏச்சு உதவுவதில்லை. கூட நிற்பதுதான் உதவுகிறது. வீட்டில் ஒருவரிடம் தேதியைச் சொல்லுங்கள். விட்ட முதல் கிழமைகளில் சினம் வந்தால் பொறுத்துக்கொள்ளும்படி முன்பே கேட்டுவையுங்கள். பீடி இலேசானது என்றோ, சிகரெட்டுக்குப் பதிலாகப் புகையிலை சேர்த்து வெற்றிலை போடலாம் என்றோ யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பீடியின் புகையில் நிகோட்டினும் தாரும் குறைவில்லை. களுதாவளை வெற்றிலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்குள் பாக்கும் புகையிலையும் போனால் வாய்ப்புற்றுநோய்க்கு வழி திறக்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுவே.

எவ்வளவு காலம் தயாராவது?

தயாரிப்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதை நீட்டிக்கொண்டு போகக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் புரோச்சஸ்கா, கார்லோ டிகிளமென்ற் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், தாமாகவே புகையை விட்டவர்களை ஆராய்ந்து 1983இல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். நினைக்காத நிலை, நினைக்கும் நிலை, தயாராகும் நிலை, செயல்படும் நிலை, காத்துக்கொள்ளும் நிலை என்று மனிதர் படிப்படியாக மாறுகிறார் என்பது, பின்னர் முழுமைபெற்ற வடிவில், அதன் சாரம். உலகம் முழுவதும் மருத்துவர்கள் இதைப் படித்தார்கள். ஆனால் 2006இல் லண்டனைச் சேர்ந்த ரொபேர்ட் வெஸ்ட்டும் தாஜ் சோஹலும் வெளியிட்ட ஆய்வில், விடுவதற்கான முயற்சிகளில் ஏறக்குறைய பாதி எந்தத் திட்டமும் இல்லாமல் அந்தக் கணத்தில் எடுத்த முடிவுகள் என்று தெரிந்தது. அப்படி விட்டவர்களே கூடுதலாக ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. உள்ளே முடிவு முற்றாகிவிட்டவருக்கு நீண்ட திட்டம் தேவையில்லை, அன்றே விடலாம். முடிவு முற்றாகாதவர், "தயாராகிறேன்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது தயாரிப்பு இல்லை. ஒரு கிழமை எழுதவும் ஒரு கிழமை பதில்களைப் பழகவும் போதும். இரண்டு கிழமைக்குள் ஒரு தேதி வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. இங்கிலாந்தில் 697 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாருக்கும் இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு தேதி குறிக்கப்பட்டது. ஒரு பகுதியினர் அதுவரை குறைத்துக்கொண்டே வந்தார்கள். மற்றவர்கள் வழமைபோலப் புகைத்து, குறித்த நாளில் நிறுத்தினார்கள். நான்கு கிழமையின் பின், ஒரேயடியாக விட்டவர்களில் 49 வீதமானோரும் குறைத்து விட்டவர்களில் 39 வீதமானோரும் புகைக்காமல் இருந்தார்கள். ஆறு மாதத்தின் பின்பும் முதல் பகுதியினரே முன்னின்றார்கள். தேதியைக் குறித்து, அந்த நாளில் முழுதாக நிறுத்துவதே நல்ல வழி. முதல்நாள் இரவே மிஞ்சிய சிகரெட், லைட்டர், சாம்பல்தட்டு எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். "ஒன்று மட்டும் இருக்கட்டும்" என்று ஒளித்துவைத்தால், "கிடைக்கும்" என்ற எண்ணத்தையும் சேர்த்தே ஒளித்துவைக்கிறோம்.

முதல் மூன்று நாள்

எது வரும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதியாகும். நிறுத்திய முதல் நாளிலேயே சினம், பதற்றம், பசி, நித்திரைக் குழப்பம் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் அவை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு கிழமையில் தணியும். ஆகவே நெல் வெட்டும் அவசரத்திலோ, வீட்டுக் கல்யாணத்துக்கு முதல்நாளோ தேதி குறிக்க வேண்டாம்.

தேத்தண்ணியிலும் ஒரு கவனம் வேண்டும். புகையில் உள்ள தார்ப் பொருட்கள் ஈரலில் ஒரு நொதியத்தைத் தூண்டி, கஃபீனை வேகமாக உடைக்கச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. அதே அளவு தேத்தண்ணியோ கோப்பியோ குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் முன்பைவிடக் கூடி நிற்கும். நெஞ்சு படபடப்பதையும் நித்திரை வராததையும் சிகரெட் இல்லாததன் விளைவு என்று எண்ணிப் பலர் திரும்பிவிடுகிறார்கள். முதல் சில கிழமை தேத்தண்ணியைப் பாதியாகக் குறையுங்கள்.

ஆசை கிளம்பும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்று சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட். ஆசை ஓர் அலைபோல எழுந்து, உச்சிக்கு வந்து, தானாகவே உடைந்து இறங்கும். பெரும்பாலும் சில நிமிடமே நிற்கும். அந்த நிமிடங்களில் அதைக் கவனியுங்கள். நெஞ்சில் இருக்கிறதா, வாயிலா, விரலிலா? மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். ஏற்கெனவே தீர்மானித்த அந்தச் சின்ன வேலையைச் செய்யுங்கள். புகைக்காமல் கடந்த ஒவ்வொரு ஆசையும் மூளைக்குப் புதுப் பாடம். தேத்தண்ணி வந்தது, புகை வரவில்லை. காத்திருப்பு வந்தது, புகை வரவில்லை. பழைய பாடத்தை மேவி நிற்கும் அளவுக்கு இது வளரச் சில வாரம் எடுக்கும்.

ஒன்று பத்திவிட்டால்

மார்லட் கவனித்த இன்னொரு விடயமும் பயனுள்ளது. விட்டவர் ஒருநாள் தவறி ஒன்றைப் பத்திவிடுகிறார். அந்த ஒரு சிகரெட் அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதில்லை. "எல்லாம் போச்சு, நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம்தான் அவரை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இழுத்துச் செல்கிறது. எனவே இதற்கும் முன்கூட்டியே பதில் இருக்கட்டும்: மிச்சத்தை எறிவேன், என்ன நேரம் எங்கே யாரோடு நடந்தது என்று கொப்பியில் எழுதுவேன், அடுத்ததைத் தொட மாட்டேன். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலானோர் பலமுறை முயன்றவர்களே. முன்பு தோற்ற முயற்சியைக் காட்டி, "என்னால் ஏலாது" என்று முடிவுகட்டுவதற்கு நியாயமில்லை. அந்த முயற்சி எங்கே தவறியது என்று தெரிந்தால், இந்தமுறை எந்த நிமிடத்துக்குக் காவல் வேண்டும் என்று தெரியும்.

உதவி எங்கே

எந்தத் துணையும் இல்லாமல் விடுபவர்களில் ஒரு வருடத்தைத் தாண்டுவோர் 100க்கு 3 முதல் 5 பேர்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நிகோட்டின் சுவிங்கம், ஒட்டுப் பட்டை போன்றவை அந்த வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கும். ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்று வைத்தியரைக் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 முதல் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இரத்த அழுத்தம், சீனி பார்ப்பதோடு புகையைப் பற்றியும் பேசலாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1948. விட விரும்புபவர்கள் அந்த இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். உதவி கேட்பதைப் பலவீனம் என்று எண்ண வேண்டாம். தோணியில் இரண்டாவது ஆளை ஏற்றிக்கொண்டு போவதை எந்த மீனவரும் பலவீனம் என்று சொல்வதில்லை.

"இவ்வளவு காலம் பத்திட்டன், இனி விட்டென்ன?" என்று கேட்கும் மூத்தவர்களுக்கு ஒரு கணக்கு. றிச்சட் டோலும் பிரட்ஃபர்ட் ஹில்லும் 1951இல் பிரித்தானிய மருத்துவர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். 34,439 ஆண் மருத்துவர்களின் ஐம்பது வருட வரலாறு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 வருட ஆயுளை இழந்திருந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்து வருடத்தையும் கிட்டத்தட்ட முழுதாக மீட்டார்கள். 40இல் விட்டவர்கள் 9 வருடம், 50இல் விட்டவர்கள் 6 வருடம், 60 வயதில் விட்டவர்கள்கூட 3 வருடம் மீட்டார்கள். மூன்று வருடம் என்பது ஒரு பேரப்பிள்ளை பிறந்து, நடந்து, உங்களைப் பெயர்சொல்லிக் கூப்பிடும் காலம்.

எனவே இன்றைக்கே ஒரு கொப்பியை எடுங்கள். இன்றிலிருந்து 14 நாளுக்குள் ஒரு தேதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். விடுவதா இல்லையா என்ற பேரத்தை அந்தப் பக்கத்தோடு முடித்துவிடுங்கள். மிச்சமிருப்பது, வரும் நிமிடங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுவது மட்டும்தான். அது உங்களால் ஏலும்.